குடுவைக்குள் ஒரு கடல்

உயிர் எப்படி வந்தது என்று சோதனைச்சாலையில் பார்த்துவிட முடியுமா? 1952-ல் சிகாகோ பல்கலைக்கழக மாணவர் ஸ்டான்லி மில்லருக்கு அந்த ஆசை வந்தது. வயசு 22. அவருடைய பேராசிரியர் ஹெரால்டு யூரி நோபல் பரிசு வாங்கியவர். அவர் தயங்கினார். விஷப்பரீட்சை, பையனின் டாக்டர் பட்டமே கேள்விக்குறியாகிவிடலாம். கடைசியில் ஒரு கெடு வைத்துச் சம்மதித்தார்.

மில்லரின் ஏற்பாடு ரொம்ப எளிமை. ஒரு கண்ணாடிக் குடுவையில் கொதிக்கும் தண்ணீர். அதுதான் ஆதிக் கடல். இன்னொன்றில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன். அது அன்றைய வானம். அதற்குள் மின்பொறி, அதாவது மின்னல். ஆவி மேலே போய், குளிர்ந்து, மழையாக இறங்கும். மறுநாளே தண்ணீர் இளஞ்சிவப்பானது. ஒரு வாரத்தில் அடர்சிவப்பு. பரிசோதித்தால் கிளைசின், அலனின்... புரதங்களைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்கள்!

1953 மே 15-ல் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. புகழ் மாணவருக்கே போகட்டும் என்று யூரி தன் பெயரைச் சேர்க்கவில்லை. (இப்படி ஒரு கைடு கிடைக்கவேண்டுமே!)

அப்புறம்தான் சிக்கல். ஆதி வானத்தில் கார்பன் டை ஆக்ஸைடும் நைட்ரஜனும்தான் அதிகம் என்றார்கள் பின்னால் வந்தவர்கள். அந்தக் கலவையில் விளைச்சல் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால், வானம் வேறு வழி வைத்திருந்தது. 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லில் 70-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கிடைத்தன. பென்னு என்ற குறுங்கோளிலிருந்து 2023-ல் நாசா கொண்டுவந்த மண்ணில், நம் புரதங்களுக்கு வேண்டிய 20-ல் 14 இருப்பதாக 2025-ல் அறிவித்தார்கள். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எழுத்துக்கள் ஐந்தும்கூட இருந்தன.

ஆக, மளிகைச் சாமான் பூமிக்கு வெளியேயும் கிடைக்கிறது. அப்படியானால் எங்கும் உயிர் இருக்கவேண்டாமா? அவசரப்படாதீர்கள். அரிசியும் உளுந்தும் பக்கத்துப் பக்கத்தில் நூறு வருஷம் கிடந்தாலும் இட்லி ஆகாது. உயிர் என்றால் தன்னைத்தானே நகல் எடுக்கவேண்டும். வெறும் செங்கல் குவியல் நகல் எடுக்கும் இயந்திரமாக மாறிய கதையை, இதுவரை யாரும் ஆரம்பத்திலிருந்து குடுவையில் நடத்திக் காட்டவில்லை.

அது ஒரே ஒரு முறை அடித்த லாட்டரியா, சூழ்நிலை அமைந்தால் தானாக நடப்பதா? நமக்குத் தெரிந்த உதாரணம் பூமி மட்டும்தான். ஒன்றை வைத்துக்கொண்டு சராசரி போட முடியாது. அதனால்தான் 2024-ல் வியாழனின் நிலவான யூரோப்பாவை நோக்கி ஒரு விண்கலம் கிளம்பியது. அதன் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதாக நம்புகிறார்கள். உயிர் வாழத் தோதான இடமா என்று பார்ப்பதுதான் வேலை. 2030-ல் போய்ச்சேர வேண்டும்.

என்றைக்காவது அங்கேயோ செவ்வாயிலோ, நமக்கு எந்த உறவும் இல்லாத ஒரே ஒரு நுண்ணுயிர் கிடைத்தால் போதும். ஒரே சூரியனைச் சுற்றி இரண்டு தடவை நடந்தது, மற்ற கோடிக்கணக்கான சூரியன்களைச் சுற்றி நடக்காமலா இருக்கும்?