பசைக்கு வலிமை வந்த வரலாறு

ஆட்டுத்தோலை நீரிலிட்டு நெடுநேரம் கொதிக்க வைத்தால் அது கரைந்து பசையாகிவிடும். அதே தோலை ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் ஊறவைத்தாலோ, அழுகாது. செருப்பாகிப் பல்லாண்டு உழைக்கும். ஒரே பொருள் ஒரு வழியில் குழம்பாகவும் மறுவழியில் வாராகவும் மாறுவது எங்ஙனம்? காரணம் அறியாமலே பதனிடுவோர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இத்தொழிலைச் செய்து வந்தனர். 1803இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, துவர்ச்சாறும் ஊன்பசையும் கூடி நீரில் கரையாப் பொருளாய்ப் படிவதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் விளைந்த கத்தைக்காம்பு கப்பலேறியதும் பெரும்பாலும் தோல் பதனிடும் இவ்வேலைக்கே.

தோலின் சாரம் கொலாஜன் என்னும் புரதம். ‘பசையை உண்டாக்குவது’ என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். அதன் உள்ளமைப்பைக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் தந்த கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கி நிற்பதை 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். தோல் நிலையமும் பல்கலைக்கழகமும் கைகோத்தது தற்செயலன்று; இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

கயிறுகள் தனித்தனியே கிடந்தால் நழுவும். இடையிடையே குறுக்குக் கட்டு இட்டால் நழுவா. பதனிடுதலின் இரகசியம் இதுவே. குளுட்டரால்டிஹைடு என்னும் இரசாயனத்தின் மூலக்கூறு இருமுனையிலும் கொக்கியுடையது போன்றது. இரண்டு இழைகளைப் பற்றிப் பாலமாகிவிடும். பாரிசில் அறுவை மருத்துவர் அலேன் கார்ப்பாந்தியே பன்றியின் இதய வால்வுகளை மனிதருக்குப் பொருத்தியபோது அவை விரைவில் கெட்டன. 1960களின் பிற்பகுதியில் அவர் இவ்விரசாயனத்தால் பதனிட்ட பின்னரே வால்வுகள் நெடுநாள் நிலைத்தன. ஆயினும் இளையோர் உடலில் அவற்றில் சுண்ணாம்பு படிவது முற்றும் தீரவில்லை.

தோலினும் கடினமானது கூழ். கொலாஜனைக் கரைத்துச் சூடேற்றினால் பெரும்பாலும் நீரேயான மென்கூழ் கிடைக்கும். 1979இல் அமெரிக்காவில் யூஜின் பெல் அதனுள் உயிரணுக்களை இட்டபோது, அவை இழைகளைப் பற்றியிழுத்துக் கூழையே சுருக்கிவிட்டன. தாங்கும் வலிமை அதற்கில்லை.

வலிமை மட்டும் போதுமா? உடலில் பாதிக்குமேல் வெந்தவருக்கு ஒட்டுவதற்குச் சொந்தத் தோல் போதாது. புண் திறந்து கிடந்தால் நீரும் உயிரும் போகும். பாஸ்டனில் ஜான் பர்க் என்னும் மருத்துவரும் இயோவானிஸ் யானஸ் என்னும் பொறியியலாரும் மாட்டுக் கொலாஜனோடு சுறாக் குருத்தெலும்பின் சத்தைச் சேர்த்துத் துளைகள் நிறைந்த படலம் செய்து, மேலே சிலிக்கோன் தாள் ஒட்டினர். அப்படலம் சீக்கிரம் கரைந்தால் புதுத்தோலுக்குப் பற்றுக்கோடில்லை. கரையாது கிடந்தாலோ தழும்புதான் வரும். குறுக்குப் பிணைப்புகளைக் கூட்டியும் குறைத்தும் கரையும் காலத்தையே அவர்கள் அளந்து வைத்தனர். தோல் வளர வளரச் சாரம் கட்டவேண்டும். சுவர் எழுந்தபின் சாரம் தானே மறையவேண்டும்! உடலில் 50 முதல் 95 விழுக்காடு வரை வெந்த 10 பேருக்கு அதைப் பொருத்திக் கண்ட பலனை 1981இல் வெளியிட்டனர். அமெரிக்க அரசின் அனுமதி 1996இல்தான் கிடைத்தது.

குளுட்டரால்டிஹைடு எஞ்சினால் உயிரணுக்களுக்கு நஞ்சு. ஆதலால் உயிரணு வாழும் கூழுக்கு வேறு வழி தேடினர். 2000இல் பெல்ஜியத்து ஆய்வாளர் ஊன்பசையில் மெத்தக்கிரைல் தொகுதிகளைப் பிணைத்து, ஒளிபட்டதும் இறுகும் கூழை விளக்கினர். தொகுதி மிகுந்தால் கூழ் விறைக்கும், குறைந்தால் நெகிழும்.

விறைப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? கொலாஜன் பூசிய செயற்கைக் கூழ்களில் மூல உயிரணுக்களை வளர்த்த அமெரிக்க ஆய்வாளர் 2006இல் ஒரு வியப்பைக் கண்டனர். மூளைபோல் மெல்லிய கூழில் அவை நரம்பணுவின் சாயலையும், தசைபோன்றதில் தசையணுவின் சாயலையும், இன்னும் விறைத்ததில் எலும்பணுவின் சாயலையும் கொண்டன. ஊட்டிய உணவோ மூன்றிலும் ஒன்றே.