அறுபடும் இணைப்பும் புளூடூத்தின் வரலாறும்

பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து கைப்பேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். காதில் இருப்பது கம்பியில்லாத இயர்போன். பாட்டு நன்றாகத்தான் ஒலிக்கிறது. பேருந்து நிலையத்திற்குள் நுழைந்து கூட்டம் நெருக்கியதும் பாட்டு விக்குகிறது. பிறகு நின்றே போகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் வேறொரு தொல்லை. கைப்பேசியின் பட்டியலில் இயர்போனின் பெயர் இருக்கிறது. ஆனால் எத்தனை முறை தொட்டாலும் இணைக்க முடியவில்லை என்றே விடை வருகிறது. 'சரக்கு மட்டம்' என்று முடிவு கட்டி அதை மூலையில் எறிந்துவிடுகிறோம்.

பாட்டு நின்றால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. ஆனால், செவித்திறன் குறைந்த ஒருவரின் காதுக்கருவி தொலைபேசிக் குரலைப் பெறுவது இதே அலை வழியாகத்தான். நீரிழிவு நோயாளியின் தோலில் ஒட்டியுள்ள உணர்கருவி சர்க்கரையின் அளவைக் கைப்பேசிக்குச் சொல்வதும் இதே அலை வழியாகத்தான். அங்கே இணைப்பு அறுவது விளையாட்டுக் காரியம் அல்ல. எனவே இந்தக் கோளாறுகளின் காரணத்தை அறிந்து வைத்திருப்பது நல்லது. அவற்றுள் பல, கருவி பழுதானதால் வருபவை அல்ல. புளூடூத் பிறந்து வளர்ந்த விதத்திலேயே அவற்றின் வேர்கள் உள்ளன. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், தீர்க்கும் வழியும் தானே விளங்கும்.

புறம்போக்கில் ஒரு வீடு

வானொலி அலைகளுக்கும் பட்டா உண்டு. வானொலி நிலையம், காவல்துறை, விமானப் போக்குவரத்து, கைப்பேசி நிறுவனங்கள் என ஒவ்வொருவருக்கும் இன்ன அதிர்வெண் என்று அரசுகள் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலகத் தொலைத்தொடர்பு மாநாடு, 2,450 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைச் செய்தி அனுப்புவதற்கு அல்லாமல், தொழில், அறிவியல், மருத்துவம் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு ஒதுக்கியது. அலையால் பொருள்களைச் சூடாக்கும் கருவிகள் அங்கே எவ்வளவு இரைச்சல் எழுப்பினாலும் குற்றமில்லை. பெர்சி ஸ்பென்சர் என்பவரின் கண்டுபிடிப்பான நுண்ணலை அடுப்பு இத்தகைய கருவியே. வீடுகளுக்கு வந்துள்ள அந்த அடுப்புகள் இன்றும் 2,450 மெகாஹெர்ட்ஸில்தான் இயங்குகின்றன.

இரைச்சல் மிகுந்த இந்தப் புறம்போக்கில் குடியேற நெடுங்காலம் எவரும் முன்வரவில்லை. 1985இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு புதுமை செய்தது. செய்தியை ஒரே அதிர்வெண்ணில் குவிக்காமல் பரவலாக்கி, குறைந்த ஆற்றலில் அனுப்புவோர் இப்பகுதியை உரிமம் இன்றியே பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. இந்தியாவில் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிக்கு 2005ஆம் ஆண்டு விதிகள் உரிம விலக்கு அளித்தன. இங்கே யார் வேண்டுமானாலும் குடியேறலாம். ஆனால் பக்கத்துக் குடிசையின் சத்தத்தைப் பற்றி முறையிட முடியாது. புளூடூத் குடியிருப்பது இந்த இடத்தில்தான். வைஃபையும் இங்கேதான் வாழ்கிறது.

தாவித் தாவிப் பேசும் வித்தை

இரைச்சலுக்கு நடுவே பேசுவது எப்படி? ஒரே இடத்தில் நில்லாமல், அதிர்வெண் விட்டு அதிர்வெண் தாவிக்கொண்டே பேசுவது ஒரு வழி. இந்த எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. இதற்கு ஒரு சுவையான வடிவம் தந்தவர்கள் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் ஆவர். 1942 ஆகஸ்டில் அவர்கள் பெற்ற காப்புரிமை, வானொலியால் செலுத்தப்படும் நீர்மூழ்கிக் குண்டைப் பற்றியது. கப்பலிலிருந்து குண்டுக்குச் செல்லும் கட்டளையைப் பகைவன் இரைச்சலால் குலைக்காதிருக்க, இரு முனைகளும் ஒரே வரிசையில் அதிர்வெண்களை மாற்றிக்கொண்டே போகவேண்டும். தானே வாசிக்கும் பியானோவில் சுழலும் துளையிட்ட காகிதச் சுருளைப் போன்ற ஒன்றைக் கொண்டு இதைச் செய்யலாம் என்றனர். பியானோவின் கட்டைகள் 88; அவர்கள் குறித்த அதிர்வெண்களும் 88!

அமெரிக்கக் கடற்படை அந்தப் போரில் இதைப் பயன்படுத்தவில்லை. புளூடூத் நேராக அந்தக் காப்புரிமையிலிருந்து பிறந்தது என்று சொல்வதும் மிகையாகும்; பொறியாளர்கள் இந்த வித்தையை வேறு வழிகளிலும் வளர்த்தெடுத்தனர். ஆயினும் அடிப்படை ஒன்றே: பேசுபவரும் கேட்பவரும் ஒரே சுருளை ஒரே நேரத்தில் ஓட்டவேண்டும். சுருள் மாறினாலோ, நேரம் பிசகினாலோ, பேச்சு இல்லை.

லுண்டு நகரில் பிறந்த குழந்தை

சுவீடன் நாட்டின் தென்கோடியில் லுண்டு என்ற பழைமையான பல்கலைக்கழக நகரம் உள்ளது. அங்கே எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் ஒரு வேலை தொடங்கியது. கைப்பேசிக்கும் அதன் துணைக்கருவிகளுக்கும் இடையே உள்ள கம்பியை ஒழிக்கவேண்டும். மின்கலத்தைக் கொஞ்சமே உண்ணவேண்டும். விலையும் மலிவாக இருக்கவேண்டும். ஹாலந்து நாட்டவரான யாப் ஹார்ட்சென் இப்பணியின் தலையாய பொறியாளர். சுவென் மாட்டிசன் அவருடன் உழைத்தவர்.

அவர்கள் அமைத்த முறையில் 2,402 முதல் 2,480 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்கள் உண்டு. இரு கருவிகளும் நொடிக்கு 1,600 முறை தடம் மாறுகின்றன. இரண்டில் ஒன்று தலைமைக் கருவி. அதன் முகவரி எண்ணையும் கடிகாரத்தையும் கொண்டே தாவும் வரிசை கணக்கிடப்படுகிறது. காகிதச் சுருளின் இடத்தை இங்கே கணக்கு பிடித்துக்கொண்டது.

1998 மே மாதத்தில் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களும் கூடி ஒரு சங்கம் அமைத்தன. பெயர் சூட்டியவர் இன்டெல்லைச் சேர்ந்த ஜிம் கார்டாக். டென்மார்க்கையும் நார்வேயையும் ஒன்று சேர்த்த பத்தாம் நூற்றாண்டு அரசர் ஹரால்டின் பட்டப்பெயர் 'நீலப்பல்'. பகைமை பாராட்டும் நிறுவனங்களின் கருவிகளை ஒன்று சேர்க்கும் முறைக்கு அப்பெயர் தற்காலிகமாக இருக்கட்டும் என்று வைத்தனர். வேறு பெயர் அமையாததால் அதுவே நிலைத்துவிட்டது. அரசரின் பெயர் முதலெழுத்துகள் இரண்டை, பழைய ரூனிக் வரிவடிவில் பின்னியதே நாம் காணும் சின்னம்.

ஐந்து பேர் சமைத்த குழம்பு

1999இல் முதல் பதிப்பு வெளிவந்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு சேர மறுத்தது. விதிநூலின் ஒரே வரியை ஆளுக்கொரு விதமாகப் பொருள்கொண்டிருந்தனர். 2001இல் வந்த 1.1 பதிப்பு இப்பிழைகளில் பலவற்றைத் திருத்தியது.

அடுத்த இடையூறு அயலாரிடமிருந்து வந்தது. அதே புறம்போக்கில் வைஃபை பெருகிற்று. ஒரு வைஃபை நிலையம் ஏறத்தாழ 22 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்ளும். 79இல் 22 என்றால், புளூடூத்தின் நான்கு தாவல்களில் ஒன்றுக்கும் மேல் அதன்மேல் போய் விழும் அல்லவா? 2003இல் வந்த 1.2 பதிப்பு இதற்கு வழி கண்டது. எந்தெந்தத் தடங்களில் இரைச்சல் என்று கருவிகளே ஆராய்ந்து, அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றில் மட்டும் தாவும். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. குறைந்தது 20 தடங்களாவது புழக்கத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. ஒன்றின்மேல் ஒன்று படாத மூன்று வைஃபை நிலையங்கள் அருகருகே இயங்கினால் 66 மெகாஹெர்ட்ஸ் போய்விடும். எஞ்சுவது 13 தடங்களே. பேருந்து நிலையத்தில் பாட்டு விக்கியதன் மர்மம் இதுதான்.

வீட்டில் இதற்குத் தீர்வு எளிது. வைஃபை பெட்டி 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையிலும் இயங்கக்கூடியதாயின், கைப்பேசியை அந்த வரிசையில் சேர்த்துவிடுங்கள். நுண்ணலை அடுப்பு ஓடும்போது அதன் அருகே நின்று பேசாதீர்கள். 2008இல் வந்த யு.எஸ்.பி. 3.0 கம்பிகளும் இதே அலைவரிசையில் இரைச்சல் கசிப்பவை என்று 2012இல் இன்டெல் நிறுவனமே எடுத்துக்காட்டியது. கணினியில் புளூடூத் தடுமாறினால், அத்தகைய வட்டுப்பெட்டியைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

இன்னொரு தடை நாமே! இந்த அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். நீர் நிறைந்த நம் உடல் இதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இயர்போன் இடக்காதிலும் கைப்பேசி வலப்புறப் பின்பையிலும் இருந்தால், நடுவே நம் உடலே சுவர். கைப்பேசியைச் சட்டைப்பைக்கு மாற்றினாலே விக்கல் நின்றுவிடுவது உண்டு.

மறந்துபோன சாவி

பெயர் பட்டியலில் இருந்தும் இணைப்பு வராத தொல்லைக்குக் காரணம் வேறு. இரு கருவிகள் முதன்முதலில் அறிமுகமாகும்போது, 128 இருமக் குறிகள் கொண்ட ஒரு மறைச்சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்கின்றன. தொடக்க காலத்தில் இதற்கு நான்கு இலக்க எண்ணைக் கையால் கொடுத்து வந்தோம். பல கருவிகளில் அது 0000 என்றே இருந்தது, ஊரறிந்த பூட்டு! 2007இல் வந்த 2.1 பதிப்பு இதை மாற்றியது. இரு திரைகளிலும் ஒரே ஆறிலக்க எண் தோன்றுகிறதா என்று பார்த்து ஒப்புக்கொண்டால் போதும். திரையே இல்லாத இயர்போனில் அதுவும் தேவையில்லை.

இரண்டு படிகளில் ஒன்று அழிந்தால் என்ன ஆகும்? இயர்போனைத் தொடக்க நிலைக்கு மீட்டிருக்கலாம். அல்லது அது பல கைப்பேசிகளோடு பழகி, நினைவில் இடமின்றிப் பழைய சாவியைத் தள்ளியிருக்கலாம். கைப்பேசியோ தன் சாவியை விடாமல் நீட்டிக்கொண்டிருக்கும், பூட்டு திறக்காது. ஆகவே ஒரு பக்கம் மட்டும் சரிசெய்வது பயன் தராது. கைப்பேசியின் பட்டியலிலிருந்து அப்பெயரை நீக்குங்கள். கருவியின் நினைவையும் அழியுங்கள். இரண்டையும் அணைத்து ஏற்றி, புதிதாக அறிமுகம் செய்யுங்கள். அருகில் வீட்டாரின் வேறொரு கைப்பேசி முந்திக்கொண்டு இணைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மொழிகள்

2010இல் வந்த 4.0 பதிப்பு குறையாற்றல் புளூடூத் என்ற புதிய முறையைச் சேர்த்தது. இதற்கு வித்திட்டது நோக்கியா நிறுவனம். இதில் தடங்கள் 40. பொத்தான் மின்கலத்தில் மாதக்கணக்கில் ஓடும். பெயர் ஒன்றானாலும் பழையதும் புதியதும் இரு வேறு மொழிகள். உடல்நல உணர்கருவிகள் பல புதிய மொழியை மட்டுமே பேசுபவை. அவை கைப்பேசியின் வழக்கமான பட்டியல் வழியே சேராமல், தத்தம் செயலியின் வழியே சேரும். இதை அறியாமல் கருவி கெட்டுவிட்டது என்று கலங்குவோர் பலர். 2020இல் வந்த 5.2 பதிப்பு இந்தப் புதிய மொழியில் ஒலியையும் அனுப்ப வழி வகுத்தது. செவித்திறன் குறைந்தோருக்கு இதனால் மிகுந்த நன்மை உண்டு. ஆனால் இரு முனைகளுக்கும் அம்மொழி தெரிந்திருக்கவேண்டும்.

எனவே அடுத்த முறை இணைப்பு அறுந்தால் கருவியை எறியுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். நடுவில் தடை உண்டா? அயலில் இரைச்சல் உண்டா? இருவரிடமும் ஒரே சாவி உண்டா? மூன்றுக்கும் விடை கண்ட பின்னும் பேசாவிட்டால்தான் கருவியைக் குறை சொல்லலாம்.