எத்தனாலும் டீசலும்: சேராத கலவையின் வரலாறு

சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து கிடைக்கும் எத்தனாலை எரிபொருளாக்க, விடுதலைக்கு மறு ஆண்டான 1948இலேயே இந்தியா சட்டம் இயற்றியது. அச்சட்டம் 2000இல் நீக்கப்பட்டது. 2003இல் 5 விழுக்காட்டுக் கலப்புத் திட்டம் தொடங்கியது. இரு முயற்சிகளும் பெட்ரோலையே நாடின. நாட்டில் பெட்ரோலைப்போல் இருமடங்குக்கும் மேல் செலவாகும் டீசல் ஒதுங்கியே நின்றது.

காரணம் இயந்திரத்தின் இயல்பு. பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறி பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்திலோ, அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எரிபொருள் தானே பற்றவேண்டும். அந்தத் திறனை அளக்கும் சீட்டேன் எண் டீசலுக்கு ஏறத்தாழ 50. எத்தனாலுக்கு 10ஐக்கூட எட்டாது. சிறிது நீர் சேர்ந்தாலும் கலவை பிரிந்துவிடும். ஸ்டாக்ஹோம் பேருந்துகள், பற்றுதலைத் தூண்டும் சேர்மானத்தின் துணையுடன்தான் எத்தனாலில் ஓடின.

கரும்பை ஆலைக்கு இழுத்துச்செல்லும் டிராக்டரின் தொட்டிக்கு, அக்கரும்பு தந்த எத்தனால் இன்னும் வந்துசேரவில்லை.