புளி, சாம்பல், மிக்ஸி: ஒரு துலக்கல் வரலாறு

மன்னர்களின் கொடைகளுக்குக் கல்வெட்டுகள் உண்டு. மாநிலங்களின் எல்லைகளுக்கு அரசிதழ்கள் உண்டு. பாத்திரம் துலக்கியவர்களின் அறிவைப் பதிந்துவைத்த ஏடுகளோ அரிது. அவ்வறிவு கைவழியாக வந்தது; கைவழியாகவே மறைந்தும் வருகிறது. திருத்தணியை முன்வைத்து அதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1953-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது அதனுடன் சென்றது. ம.பொ.சி. முதலியோரின் எல்லைப் போராட்டத்திற்குப் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு இவ்வாறு இடம் மாறினாலும் கிணற்றடியின் பொருள்கள் மாறவில்லை. தமிழில் புளி என்றால் தெலுங்கில் சிந்தபண்டு. சாம்பல் என்றால் பூடித. பூந்திக்கொட்டை என்றால் குங்குடுகாய. பெயர் இரண்டு, வேலை ஒன்று.

அந்த வேலையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளை, செம்பு ஆகியவற்றின் மேற்பரப்பில் படியும் களிம்பைக் கரைக்கிறது. விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுகிறது. பூந்திக்கொட்டையிலுள்ள சபோனின் நுரைத்து அழுக்கைப் பிரிக்கிறது. புளி துலக்கும் குணமே அதன் அபாயமும் ஆகும். களிம்பைக் கரைக்கும் அமிலம் செம்பையும் சிறிது கரைக்கும். ஆதலால்தான் புளிக்குழம்பு வைக்கும் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசினர். வேதியியல் பயிலாத பெண்கள், எதை எதன்மேல் தேய்க்கலாம், எதை எதனுள் வைக்கலாகாது என்பதை ஐயமின்றி அறிந்திருந்தனர்.

கல்லுக்கு வேறு முறை. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நீரே போதும். அரைத்து முடித்ததும் கல்லைக் கழுவிய நீர் குழம்பிலேயே சேர்ந்தது. துலக்கலின் முதற்படி சமையலின் கடைசிப் படியாக இருந்தது எனலாம்.

பிறகு இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகு, நம் வீடுகளுக்கு ‘எவர்சில்வர்’ என்ற பெயரில் வந்தது. களிம்பேறாத அதற்குப் புளி தேவைப்படவில்லை. ஈயம் பூசுவோரின் குரலும் தெருவில் ஓய்ந்தது. மறுபுறம், 1955-இல் கோயம்புத்தூரில் மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் கிரைண்டர் பிறந்தது. பின்னர் அரைக்கவும், பொடிக்கவும், பழச்சாறு எடுக்கவும் ஒரே மோட்டாருடன் பல ஜார்களைக் கொண்ட மிக்ஸி பரவியது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியதும், திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில்தான். மின்னம்மி அதுவரை எட்டாத குடிசைகளையும் சென்றடைந்தது.

அம்மி ஒரே கல். மிக்ஸியோ எஃகு, ரப்பர், பிளாஸ்டிக், செம்புக்கம்பி ஆகியவற்றின் கூட்டு. ஆகவே பழைய அறிவை அப்படியே பெயர்த்து வைக்க இயலாது, பிரித்தறிய வேண்டும். சட்னி அரைத்த ஜாரில் நீரும் எலுமிச்சைத் தோலும் இட்டுச் சில நொடிகள் ஓட்டினால் பூண்டு வாடை தணியும். மசாலாப் பிசுக்கிற்கு ஒரு பிடி பச்சரிசியைப் பொடித்துக் கொட்டலாம். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவைக்கலாம். ஆனால் சோடாவையும் எலுமிச்சையையும் ஒருங்கே கலந்தால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடக்கிவிடும், பயன் குறையும். சாம்பலும் சோடாவும் அலுமினியப் பாகங்களைக் கருக்கும். உப்பை எஃகின்மேல் நெடுநேரம் விட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். மோட்டார் உள்ள அடிப்பகுதியில் நீர் படவே கூடாது. மின்னிணைப்பைத் துண்டித்தபின் ஈரத்துணியால் துடைப்பதே முறை. ஜாரின் அடியில் நீர் கசிகிறதா என்று பார்ப்பதும் துலக்கலின் பகுதியே. அக்கசிவு மோட்டாரை எட்டினால், பழுதுபார்க்கும் செலவு ஏழைக் குடும்பத்திற்குச் சிறிதன்று.

மிக்ஸி அரைக்கும் நேரத்தைப் பெரிதும் குறைத்தது. ஆனால் கழுவும் வேலை பெரும்பாலும் அதே கைகளிடமே நின்றுவிட்டது. பிளேடின் அடியில் விரல் நுழைத்துத் தேய்க்கும் அபாயம் புதிதாகச் சேர்ந்துகொண்டது. இயந்திரம் செய்தவர்களுக்கும் வழங்கியவர்களுக்கும் வரலாற்றில் இடம் உண்டு. அதைக் காத்து வைத்திருப்பவர்களுக்கும் ஓரிடம் வேண்டும்.

இதற்கு ஆராய்ச்சி நிறுவனம் ஏதும் தேவையில்லை. புளியையும் சாம்பலையும் கையாண்ட தலைமுறையினர் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றனர். எதை எதனால் துலக்கினார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டு எழுதி வைப்போமானால், அது சிறிய தொண்டன்று.