கறிவேப்பிலையில் வாழும் மிஷன் வைத்தியர்

நினைவுக்கல்லைத் தேடி நெடுஞ்சாலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கொல்லைகளில் வளரும் கறிவேப்பிலையே யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கின் நினைவுக்குறி. லின்னேயஸின் மாணாக்கரான அவர், 1768-இல் தரங்கம்பாடி மிஷனின் வைத்தியராக வந்தார். 1771-இல் அவ்வாசிரியரே அச்செடிக்கு அவர் பெயரைச் சூட்டினார்.

செடி தேடும் நெடும்பயணங்களுக்கு மிஷன் ஊதியம் போதவில்லை. ஆகவே 1774-இல் ஆற்காட்டு நவாபிடமும், 1778-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியேற்றார். ஊழியத்தைக் கைவிட்டவர் என்று அவரைத் தள்ளிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அகராதியால் நாம் அறிந்த ராட்லரும், ஜான் ஐயரும் செடிகளை ஆராய்ந்தது கோனிக் மூட்டிய ஆர்வத்தினாலன்றோ! ராட்லர் சேகரித்த உலர்செடிகள் இன்றும் இலண்டன் கியூ தோட்டத்தில் உள்ளன. (நம் திருச்சபை வரலாற்று வகுப்புகளில் இதை யார் சொல்லுகிறார்கள்?)

1785-இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் கோனிக் வயிற்றுக்கடுப்பால் மரித்தார். தம் கையெழுத்துப் பிரதிகளை ஜோசப் பேங்ஸுக்கு விட்டுச்சென்றார்.