திருச்சபைத் தலைவர்களும் சச்சரவு தீர்க்கும் கல்வியும்

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8 வரை காவியுடை தரித்துக் கால்நடையாக வந்து சேரும் பல்லாயிரவர், அன்னையின் முன் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அவ்வரிசையில் எவரும் எவரையும் குலம் கேட்பதில்லை. ஆயினும் அவர்களே தத்தம் ஊருக்குத் திரும்பியபின், சப்பரம் எத்தெருவில் திரும்புவது, கல்லறையில் எவருக்கு எப்பக்கம் என்னும் வினாக்கள் தலைதூக்குகின்றன.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் இத்தகைய பஞ்சாயத்து ஒன்றை ஓரமாக நின்று கண்டோம். ஊர்ப்பெயர் ஈண்டு வேண்டா. சப்பரம் நம் தெருவுக்கும் வரவேண்டும் என்று நம் பெரியவர்கள் கேட்டனர். இரு தரப்பாரையும் அழைத்துப் பேசிய கோயில் பெரியோர், சமாதானத்தை முன்னிட்டு அவ்வாண்டு எத்தெருவுக்கும் சப்பரம் இல்லை என்று முடித்தனர். மறு ஆண்டு சப்பரம் புறப்பட்டது. வழக்கமான தெருக்களை மட்டும் சுற்றி வந்தது. நம் தெருப் பெண்கள் வாசல் தெளித்துக் கோலமிட்டு நள்ளிரவு வரை காத்திருந்தனர். சச்சரவு தீர்ந்துவிட்டது என்று ஊரார் கூறினர். தீர்ந்தது எது, அடக்கப்பட்டது எது என்னும் ஐயம் அன்று நம் உள்ளத்தில் விழுந்தது. அதற்கு விடை தேடி இக்கடற்கரையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

வேளாங்கண்ணிக்கு வடக்கே, நாகப்பட்டினத்தையும் காரைக்காலையும் கடந்தால் தரங்கம்பாடி. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, 1714-இல் நான்கு நற்செய்திகளையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் தமிழில் அச்சேற்றினார். அந்நூல் தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராயிருந்த இராசநாயக்கன் என்பாரின் கைக்கு எட்டியது. அவர் பறையர் குலத்தில் தோன்றியவர், பிறப்பால் கத்தோலிக்கர். நூலைக் கற்றுத் தெளிந்து லுத்தரன் சபையில் இணைந்து, படைப்பணியை விடுத்து உபதேசியாரானார். தஞ்சை நாட்டில் அவர்தம் உழைப்பால் சபை பெருகிற்று.

1733-இல் வேளாளரான ஆரோன் என்பார், நம் நாட்டவருள் முதல்வராகக் குருப்பட்டம் பெற்றார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் காலம் 1741-இல் வந்தபோது இராசநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. அவருடைய தகுதியை எவரும் ஐயுறவில்லை. ஆயினும் அவர் கையால் வேளாளக் கிறித்தவர் நற்கருணை வாங்க இசையார் என அஞ்சிய பாதிரிமார், தியோகோ என்பாருக்குப் பட்டம் அளித்தனர். இராசநாயக்கன் 1771-இல் மறையும் வரை உபதேசியாராகவே இருந்தார். சச்சரவு எழாமல் தடுத்துவிட்டோம் என்று அன்றைய தலைவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அச்சச்சரவுக்குரிய விலை முழுவதையும் ஒருவரே செலுத்தினார் என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்து நாம் காணவேண்டியவர் சுவார்ட்ஸ் ஐயர் (1726–1798). 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்த் தஞ்சையில் நிலைத்த இப்பெரியார் சந்து செய்விப்பதில் வல்லவர். 1779-இல் ஆங்கிலேயரின் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்று ஐதர் அலியைக் கண்டார். போர் மூண்டு தஞ்சைக் கோட்டை பட்டினியால் வாடியபோது, உழவர்கள் நெல் தர மறுத்தனர். முன்பு கொடுத்ததற்கு விலை பெறாதவர் அவர்கள். அரசரின் வாக்கையும் கும்பினியாரின் வாக்கையும் நம்பாத அம்மக்கள், விலைக்குத் தாமே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் எழுதியனுப்பியதும் வண்டிமாடுகளோடு வந்தனர். ஏறத்தாழ 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சென்றது. விலையும் தவறாது கொடுக்கப்பட்டது. மக்களின் மொழியறிவு, தன்னலமின்மை, சொன்ன சொல் தவறாமை ஆகிய மூன்றுமே அவருடைய கருவிகள்.

இத்துணை ஆற்றல் வாய்ந்த அவருடைய கோயிலிலும், வேளாளர் ஒருபுறமும் தாழ்த்தப்பட்டோர் மறுபுறமும் தனித்தனியே அமர்ந்தனர் என்பது வரலாறு. அரசர்களுக்கிடையே சந்து செய்தவர் தம் கோயிலின் இரு பாய்களை ஒன்றாக்கவில்லை. காலம் கனியட்டும் என்று விட்டுவைத்தார் போலும். அவர் மறைந்து ஒரு தலைமுறை கழிந்தும் காலம் தானாகக் கனியவில்லை.

1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு உடனே, அறவே ஒழிக்கப்படவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். கட்டளை நீதியானதே. ஆயினும் அதனை ஏற்கும் வண்ணம் மக்களைப் பக்குவப்படுத்தும் பணி நூறாண்டுகளாக நடைபெறவில்லை. தஞ்சையில் வேளாளக் கிறித்தவர் பெருந்தொகையாக விலகினர். சுவார்ட்ஸின் மாணாக்கரும் பெத்லகேம் குறவஞ்சி பாடிய புலவருமான வேதநாயக சாஸ்திரியாரே எதிர்ப்பின் குரலாக நின்றார். 1835-இல் பேராயர் நேரில் வந்தும் பிளவு ஆறவில்லை.

இது சோழநாட்டுக்கும் ஒரு சபைக்கும் மட்டும் உரிய கதை என்று கொள்ளற்க. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கத்தோலிக்கக் கோயிலே இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. இடையிலிருந்த தடுப்பு 1910-இல் அகற்றப்பட, வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கோயிலுக்குள் தனியிடம் கோரிய உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. பீடத்தின் முன் தீர்ந்திருக்க வேண்டியது நீதிபதியின் முன் தீர்ந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? தவறிழைக்கப்பட்டவரை வாய்மூடச் செய்வது சமாதானம் ஆகாது. அது வழக்கைப் பேரப்பிள்ளைகளுக்கு ஒத்திவைப்பதே ஆகும். ஆயத்தம் செய்யாது மேலிருந்து இடும் ஆணையும் தனித்து நின்று பயன் தராது. ஆகவே சச்சரவை எதிர்கொள்ளும் கலையைத் திருச்சபைத் தலைவர்கள் முறையாகக் கற்றல் வேண்டும்.

அதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 1969-இல் தோன்றிய மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே ஏழை மக்களின் குடியிருப்புகளில் தங்கிப் பயிலும் முறை ஏற்பட்டது. அங்கு ஆசிரியராயிருந்து 2005-இல் மறைந்த தியாப்பிலஸ் அப்பாவு, ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ணும் வாழ்வையே இறையியலாகக் கற்பித்தார். பிறர் அடுப்பில் உண்ணாதவர், பிறர் வழக்கைக் கேட்டு எங்ஙனம் தீர்ப்பார்? 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. அறிக்கை பங்குகளில் நடைமுறையாவது, அங்கு அமர்வோரின் பயிற்சியைப் பொறுத்தது.

அப்பயிற்சியில் இடம்பெற வேண்டியவை என நாம் கருதுவன சில. முதலாவது, இரு தரப்பாரையும் ஒருங்கே அழைக்குமுன் நலிந்தவரைத் தனியே, அச்சமின்றிப் பேசும் இடத்தில் கேட்டல். இரண்டாவது, பிணக்கு வேறு, அநீதி வேறு எனப் பிரித்தறிதல். வரப்புத் தகராற்றில் விட்டுக்கொடுத்தல் அழகு. தீண்டாமையில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. அதனை அரசியல் சட்டத்தின் 17-ஆம் விதி ஒழித்துவிட்டது; 1955, 1989-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதனைக் குற்றமாக்கியுள்ளன. மூன்றாவது, உடன்பட்டவற்றை எழுத்தில் வடித்து, நாள் குறித்து, நிறைவேறியதா என மீண்டும் வந்து பார்த்தல். சுவார்ட்ஸை உழவர் நம்பியது இதனாலன்றோ? நான்காவது, தீர்ப்போர் அவையில் ஒடுக்கப்பட்டவரும் சமமாக அமர்தல்.

இந்நான்காவதே நம் சங்கத்தின் பணியோடு நேரே தொடர்புடையது. இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது அலுவல் தேடித் தருவதற்காக மட்டுமன்று. வழக்குரைக்கவும், வழக்குக் கேட்கவும், குறிப்பெழுதவும், அவையஞ்சாது நிற்கவும் வல்லவர்களை உருவாக்கவுமே ஆகும். 1741-இல் இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது ஒரு குருப்பட்டம். 2022-இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா, தலித் மக்களிலிருந்து முதற் கர்தினாலாக உயர்ந்தார். இவ்விரு ஆண்டுகளுக்கிடையே கழிந்தவை 281 ஆண்டுகள். நம் ஊர்ச் சப்பரம் நம் தெருவில் திரும்புவதற்கும் அத்துணைக் காலம் ஆகலாகாது. நம் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் அப்பஞ்சாயத்தின் ஓரத்தில் நில்லாது, நடுவே அமர்ந்து பேசும் நாளுக்காக உழைப்போமாக.