பிரானேசியின் ரோமக் கல்லறை அச்சுகள்
ஜொவான்னி பத்திஸ்தா பிரானேசி (1720–1778) பண்டைய ரோமானியக் கல்லறைகளைச் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்ட படங்கள். 1756இல் நான்கு தொகுதிகளாக வந்த ‘ரோமத் தொல்பொருள்கள்’ நூலில் இரண்டாம், மூன்றாம் தொகுதிகள் கல்லறைகளுக்கே உரியவை. ஆப்பியச் சாலையிலுள்ள செசிலியா மெத்தெல்லா கல்லறையை வரைந்ததோடு நில்லாமல், அதன் பெருங்கற்களைத் தூக்கிய விதத்தையும் தனித் தகட்டில் காட்டினார்; தொகுப்பின் மிக அழகிய பக்கங்களுள் ஒன்று அது.

அவர் மறைவுக்குப்பின் தகடுகள் பாரிஸுக்குச் சென்று, 1839இல் ரோமுக்குத் திரும்பின. இடையிலும் பிறகும் மறுஅச்சுகள் தொடர்ந்ததால், சேகரிப்பவருக்குக் காலக்கணிப்பே முதல் வேலை. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி உதவும்: இரட்டை வட்டத்துள் லில்லி மலர் இருந்தால் பெரும்பாலும் பழைய ரோம அச்சு. தகடு தேயத் தேய, கல்லறை வாயிலின் அடர்ந்த இருள் வெளிறிவிடும்.